பைனாகுலரில் கண்ணை எங்கே வைப்பது?

பள்ளிச் சுற்றுலாவில் ஒரே பைனாகுலர் பத்துப் பேர் கைக்கு மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கு அப்பால் இருக்கும் நாரையின் அலகு கூடத் தெரிகிறது என்கிறார் ஒருவர். அடுத்து வாங்கிப் பார்க்கும், மூக்குக் கண்ணாடி அணிந்த மாணவிக்கோ சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பது போல ஒரு சின்ன வட்டம்தான் தெரிகிறது. மூன்றாமவருக்குக் காட்சியின் ஓரங்களில் கறுப்புப் பிறைகள் ஆடுகின்றன. ‘என் கண்ணுக்கு இது ஒத்துவராது’ என்று இருவரும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் கண்ணில் குறை எதுவும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். அந்த இடம் எது என்பதைப் பத்தாம் வகுப்பு ஒளியியலைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஒளி கூடும் இடம்

பைனாகுலரின் மேல் 8×40 என்று எழுதியிருந்தால், உருப்பெருக்கம் 8, பொருளருகு லென்சின் விட்டம் 40 மி.மீ. என்று பொருள். உள்ளே இருக்கும் முப்பட்டகங்கள் ஒளியின் பாதையை மடித்து, தலைகீழ்ப் பிம்பத்தை நேராக்குகின்றன. நம் கணக்கிற்கு அவற்றை ஒதுக்கிவிட்டு, இரண்டு குவி லென்சுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பொருளருகு லென்சின் குவியத் தொலைவு 160 மி.மீ., கண்ணருகு லென்சின் குவியத் தொலைவு 20 மி.மீ. என்க. 160 ÷ 20 = 8; இதுவே உருப்பெருக்கம். இரண்டு லென்சுகளுக்கும் இடையே உள்ள தொலைவு 160 + 20 = 180 மி.மீ.

இப்போது பொருளருகு லென்சையே ஒரு பொருளாகக் கருதுங்கள். கண்ணருகு லென்சு அதற்கும் ஒரு பிம்பத்தை உண்டாக்கும் அல்லவா? லென்சுச் சமன்பாட்டின்படி 1/20 – 1/180 = 8/180. ஆகவே பிம்பம் 180 ÷ 8 = 22.5 மி.மீ. தொலைவில், கருவிக்கு வெளியே, நம் கண் பக்கம் விழுகிறது. அதன் விட்டம் பொருளருகு லென்சின் விட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது 5 மி.மீ.

பொருளருகு லென்சில் புகுந்து கருவியை விட்டு வெளிவரும் கதிர்கள் எல்லாமே இந்தச் சிறிய ஒளிவட்டத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டும். கருவிழியின் நடுவிலுள்ள துளையாகிய கண்பாவை சரியாக இந்த இடத்தில் அமைந்தால், காட்சி முழுவதும் ஓரம் குறையாமல் தெரியும்.

கிண்ணத்தின் வேலை

கண்ணருகு லென்சைச் சுற்றி இருக்கும் ரப்பர் கிண்ணம் முகத்தில் உறுத்தாமல் இருப்பதற்காக மட்டும் அமைக்கப்பட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுப்பதும் அதன் பணிதான். ஆனால் அதன் தலையாய வேலை, கண்ணை ஒளிவட்டம் இருக்கும் தொலைவில் நிறுத்துவது. உண்மையான பைனாகுலர்களில் பல லென்சுகள் சேர்ந்தே கண்ணருகு லென்சு அமைகிறது; அவற்றில் இந்தத் தொலைவு பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கும்.

கண்ணாடி அணியாதவர் கிண்ணத்தை மடித்துவிட்டுப் பார்த்தால், கண் லென்சுக்கு மிக அருகே போய்விடும். ஓரங்களிலிருந்து வரும் கதிர்க் கற்றைகள் ஒன்றுகூடுவதற்கு முன்பே கண்பாவை குறுக்கிடுகிறது. தலை சற்று அசைந்தாலும் ஏதாவது ஒரு கற்றை கண்பாவைக்கு வெளியே விழும். அதுதான் கறுப்புப் பிறை.

கண்ணாடி அணிந்தவரின் நிலை நேர்மாறானது. மூக்குக் கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 முதல் 14 மி.மீ. முன்னால் நிற்கிறது. அதற்கு மேல் கிண்ணமும் உயர்ந்து நின்றால், கண் ஒளிவட்டத்தைத் தாண்டிப் பின்னால் போய்விடும். அங்கே கற்றைகள் மீண்டும் விரிந்துவிடுவதால் நடுப்பகுதி மட்டுமே கண்ணுக்குள் நுழைகிறது. சாவித் துவாரக் காட்சி இப்படித்தான் உண்டாகிறது.

திருத்தும் முறை

1. கண்ணாடி அணிந்தவர் ரப்பர் கிண்ணத்தை வெளிப்புறமாக மடித்துவிட வேண்டும். திருகும் வகையாக இருந்தால் முழுவதும் கீழே இறக்க வேண்டும். அணியாதவர் முழுவதும் உயர்த்திக்கொள்ளலாம்.

2. இரண்டு குழல்களையும் விரித்தோ நெருக்கியோ, இரு வட்டங்களும் ஒன்றாகும்படி செய்யுங்கள்.

3. காட்சி சின்ன வட்டமாகக் குறுகினால் கண் தொலைவில் இருக்கிறது, கிண்ணத்தைத் தாழ்த்துங்கள். கறுப்புப் பிறைகள் தோன்றினால் கண் மிக அருகில் இருக்கிறது, உயர்த்துங்கள். திருகும் கிண்ணங்களில் இடைப்பட்ட நிலைகளும் உண்டு. இரண்டு கிண்ணங்களும் ஒரே உயரத்தில் இருக்கட்டும்.

4. முழுவதும் உயர்த்திய பிறகும் பிறைகள் மறையாவிட்டால், கிண்ணத்தின் மேல் விளிம்பைப் புருவ எலும்பின் கீழ் இலேசாகத் தாங்கிப் பிடித்து, கருவியைக் கண்ணிலிருந்து சற்று விலக்கிப் பாருங்கள்.

கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்க்கலாம். குவியச் சக்கரத்தைத் திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உருளை லென்சு தேவைப்படும் கண்ணாக இருந்தால் சக்கரத்தால் அக்குறையை நீக்க முடியாது. கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது.

8×21 போன்ற சிறிய பைனாகுலர்களில் ஒளிவட்டம் 2.6 மி.மீ. மட்டுமே. பகலில் நம் கண்பாவையும் 2 அல்லது 3 மி.மீ. தான் திறந்திருக்கும். ஆகவே கண் சிறிது விலகினாலும் காட்சி இருண்டுவிடும். 5 மி.மீ. வட்டத்தில் கண் நகர்வதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. சிறிய கருவியில் கிண்ணத்தைக் கூடுதல் கவனத்துடன் அமைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

செய்து பாருங்கள்

பைனாகுலரைச் சன்னல் வழியே வெளிச்சமான வானத்தை நோக்கிப் பிடியுங்கள். சூரியன் இருக்கும் திசை கூடவே கூடாது. பைனாகுலர் வழியே ஒரு நொடி சூரியனைப் பார்த்தாலும் பார்வை நிரந்தரமாகப் பறிபோகலாம். கிண்ணத்தை மடித்துவிட்டு, கண்ணருகு லென்சுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் விளிம்பு தெளிந்த ஒளிவட்டம் ஒன்று தாளில் விழும். அதன் விட்டத்தை அளந்து உருப்பெருக்கத்தால் பெருக்குங்கள். பொருளருகு லென்சின் விட்டம் கிடைக்கிறதா?

அடுத்து, மடித்த கிண்ணத்தின் விளிம்பிலிருந்து தாள் வரை உள்ள தொலைவை அளவிடுங்கள். 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால், கண்ணாடி அணிந்தவர்களும் அக்கருவியில் காட்சியை ஏறக்குறைய முழுமையாகக் காணலாம். சில விளையாட்டுப் பைனாகுலர்களில் தாளை எங்கே வைத்தாலும் ஒளிவட்டம் விழாது. கலிலியோவின் தொலைநோக்கியைப் போல அவற்றில் கண்ணருகு லென்சாகக் குழி லென்சு இருக்கிறது. அப்போது இந்த ஒளிவட்டம் எங்கே போயிற்று? மேலே செய்த கணக்கைக் குழி லென்சுக்கும் செய்து பாருங்கள்.