வில்லை வளைக்கும் ஈரம்

1545-இல் மூழ்கிய இங்கிலாந்துப் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்'. அதிலிருந்து 130-க்கும் மேற்பட்ட யூ மர விற்கள் முழுமையாகக் கிடைத்தன. உயிர்வளி எட்டாத சேறு அவற்றைப் பூஞ்சையிடமிருந்து காத்தது. ஆனால் உயிரணுச் சுவர்கள் நலிந்துவிட்டன. பழைய வலிமையை அறிய, அதே அளவில் புதிய விற்களைச் செய்து இழுத்துப் பார்த்தார்கள்.

வில்லுக்கு எதிரி வயதா, நீரா? பெரும்பாலும் நீர்தான் என்பேன். மரத்திலுள்ள செல்லுலோஸ் காற்றின் நீரை ஈர்க்கும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு என்றால், மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடு நீர் தங்கும்; நம் நாட்டைப்போல் 80 என்றால், 16 விழுக்காடு.

வில்லை இழுக்கும்போது வெளிப்புற நார்கள் நீள்கின்றன, உட்புற நார்கள் அழுந்துகின்றன. ஈரம் மிகுந்தால் உட்புறம் நசுங்கி, நாணைக் கழற்றினாலும் வளைவு நிமிராது. அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ, இழுக்கும்போதே படக்கென முறியும். வெயிலில் நிறுத்திய மகிழுந்துக்குள் வில்லை வைக்காதீர்கள், மாணவர்களே. சூடு மரத்தை உலர்த்தும், இளக்கவும் செய்யும்.