கொரியாவில் படிக்கும் பிள்ளையும் மார்க்கக் கடமைகளும்

சென்ற மாதம் ஒருநாள் அஸருக்குப் பின் பாடம் முடிந்து கிதாபை மூடும் நேரத்தில், நமது மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வந்து அருகில் அமர்ந்தார். அவருடைய மகன் தென்கொரியாவின் தலைநகரான சியோலில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறான். ஊரை விட்டுச் சென்று ஏழு மாதங்களாகின்றன. மகன் கைபேசியில் அனுப்பியிருந்த நீண்ட கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். அதை நமது கையில் கொடுத்து, "ஹஜ்ரத், முழுசாப் படிச்சுப் பாருங்க. அவனைத் திரும்பி வரச் சொல்லவா, இருக்கச் சொல்லவா? நீங்க சொல்றதைத்தான் செய்வேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

கடிதத்தை அன்றிரவு படித்தோம். இன்று பல வீடுகளிலிருந்து பிள்ளைகள் இத்தகைய நாடுகளுக்குப் படிக்கப் போகின்றனர். அரபு நாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களுக்குப் பாங்கு சத்தமாவது காதில் விழும். கொரியாவுக்குப் போகிறவனுக்கு அதுவும் இல்லை. ஆகவே அந்தப் பிள்ளை கேட்டவற்றையும் நாம் எழுதிய விடைகளையும் வாசகர்கள் முன் வைப்பது பயன் தரும் என்று எண்ணுகிறோம். பிள்ளை ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவன். ஹனஃபீ மத்ஹபில் வேறுபாடு வருமிடத்தில் அதையும் குறித்துள்ளோம்.

முதலில் தொழுகையை எடுத்துக் கொள்வோம். மதுவைப் பற்றியும் பன்றியைப் பற்றியும்தான் பிள்ளை அதிகம் அஞ்சி எழுதியிருந்தான். நாம் திடுக்கிட்டது வேறோர் இடத்தில். போகிற போக்கில் அவன் எழுதியிருந்த ஒரு வரி இது: தான் வெளியூரில் இருப்பதால் ளுஹரையும் அஸரையும் மதிய உணவு வேளையில் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சேர்த்துத் தொழுது விடுவதாகவும், மஃரிபையும் இஷாவையும் இரவு விடுதிக்குத் திரும்பிய பின் அவ்வாறே தொழுவதாகவும், ஏழு மாதமாக இதுவே வழக்கம் என்றும் எழுதியிருந்தான். யாரோ ஒரு நண்பன் சொன்னானாம், முஸாபிருக்கு இது சலுகை என்று.

சலுகை முஸாபிருக்குத்தான். ஆனால் இவன் முஸாபிர் அல்லன். போய்ச் சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரூரில் தங்குவதாக நிய்யத் வைத்தவன் ஷாஃபிஈ மத்ஹபின்படி அவ்வூரில் முகீம் ஆகிவிடுகிறான். ஹனஃபீ மத்ஹபில் பதினைந்து நாட்கள். மூன்று நான்கு வருடப் படிப்புக்கென்று விசா எடுத்துப் போனவன் சியோலில் கால் வைத்த அன்றே இரண்டு மத்ஹபின்படியும் முகீம்தான். விமானத்தில் இருந்த வரை கஸ்ர் செய்தது சரி. அதன் பிறகு செய்தது கூடாது.

ஆகவே அவன் சுருக்கித் தொழுத ளுஹரும், நேரம் வருமுன் தொழுத அஸரும், இரண்டு ரக்அத்தாகத் தொழுத இஷாவும் நிறைவேறவில்லை. மஃரிபுக்குச் சுருக்கம் கிடையாதாகையால் அதை மூன்று ரக்அத்தாகவே தொழுதிருக்கிறான். நேரம் தவறித் தொழுதிருந்தாலும் அது களாவாக நிறைவேறிவிட்டது. ஸுப்ஹு பாதிக்கப்படவில்லை. ஆக நாளொன்றுக்கு மூன்று பர்ளு வீதம் ஏறக்குறைய 210 நாட்களுக்கு 630 தொழுகைகள் அவன் கழுத்தில் நிற்கின்றன. இதை எழுதும்போது நமக்கே கை நடுங்கியது. அறியாமையால் செய்தான், வேண்டுமென்று விடவில்லை. எனினும் களா உண்டு. ஒவ்வொரு நாளும் ளுஹருடன் ஒரு ளுஹர், அஸருடன் ஓர் அஸர், இஷாவுடன் ஓர் இஷா என்று சேர்த்துத் தொழுது வந்தால், விட்ட காலத்தின் அளவிலேயே கடன் அடைந்துவிடும். விடுமுறையில் அதிகப்படுத்தினால் விரைவில் முடியும். கைபேசியிலேயே கணக்கு வைத்துக் கொள்ளச் சொன்னோம்.

இனி, நேரத்துக்குத் தொழுவது அங்கே இயலுமா என்ற கேள்வி. கொரியாவின் கடிகாரம் 135 பாகை தீர்க்க ரேகையை வைத்து ஓடுகிறது. சியோலோ ஏறத்தாழ 127 பாகையில் இருக்கிறது. அதனால் அங்கே சூரியன் உச்சி சாய்வது 12 மணிக்கன்று; ஏறத்தாழ 12.30க்கு. பருவத்துக்கேற்பக் கால் மணி முன்பின் ஆகும். பல்கலைக்கழகங்களில் மதிய உணவு வேளை பெரும்பாலும் 12 முதல் 1 வரை. சாப்பிட்டு முடிப்பதற்குள் ளுஹர் வந்துவிடுகிறது. குளிர்காலத்தில்தான் சோதனை. டிசம்பரில் ஷாஃபிஈ கணக்கின்படி அஸர் 3 மணிக்குச் சற்று முன்னரே வருகிறது. மஃரிப் 5.15. இரண்டும் ஆய்வுக்கூடத்தில் வேலை நடக்கும் நேரம். ஜூனில் மஃரிப் இரவு 8 மணியை ஒட்டியும் ஸுப்ஹு அதிகாலை 3.20க்கு முன்பாகவும் வந்து, வேறு வகையில் சோதிக்கும். ஒரு பர்ளுக்கு ஐந்து நிமிடம் போதும் என்பதைப் பிள்ளை மறந்துவிட்டான். தேநீர் குடிக்கவும் புகை பிடிக்கவும் மற்ற மாணவர்கள் எழுந்து போகிறார்கள் என்று அவனே எழுதியிருக்கிறான்.

கிப்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. சியோலிலிருந்து கஅபா மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 பாகை சாய்ந்திருக்கிறது. சென்னையிலிருந்து 18 பாகை. மூவாயிரம் மைலுக்கு மேல் விலகியும் முகம் திருப்பும் கோணம் ஏறக்குறைய ஒன்றே! ஊரில் நின்ற மாதிரியே நின்று கொள்ளப்பா என்று எழுதினோம்.

ஒளு செய்வதில் அவனுக்கு ஒரு வெட்கம். பல்கலைக்கழகக் கழிப்பறையில் கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவியபோது, பல் துலக்க வந்த கொரிய மாணவர்கள் முகம் சுளித்தனராம். (உணவுக்குப் பின் பல் துலக்குவது அங்கே பொது வழக்கம். மிஸ்வாக்கின் பெருமை பேசும் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.) முகம் கழுவும் இடத்தில் காலை வைத்தால் யாருக்கும் அருவருப்பாகத்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நமது ஷரீஅத்திலேயே இதற்கு வழி உண்டு. காலையில் விடுதியில் முழு ஒளுச் செய்து, கரண்டைக் கால் மூடும் தோலுறையை அணிந்து கொண்டால், முகீமுக்கு ஓர் இரவு ஒரு பகல் அதன் மேல் மஸ்ஹு செய்ய அனுமதி. அணிந்த பின் முதன்முதலாக ஒளு முறிந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்தை எண்ண வேண்டும். கடையில் விற்கும் மெல்லிய காலுறை இதற்கு ஆகாது. நடந்தால் கிழியாத, நீர் உடனே உட்புகாத உறை வேண்டும். ஜனவரியில் உறைநிலைக்குப் பல பாகை கீழே போகும் அந்த ஊரில் இது காலுக்கும் இதம்.

தொழ இடம் தேடுவதும் கடினமன்று. சில பல்கலைக்கழகங்களில் தொழுகை அறையே ஒதுக்கியுள்ளனர். இல்லாத இடத்தில் ஆளில்லாத வகுப்பறை போதும். கொரிய வீடுகளில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். தரைக்கடியில் சூடேற்றும் ஒந்தொல் என்ற அமைப்பு உண்டு. கதகதப்பான சுத்தமான தரை, தொழுகிறவனுக்கென்றே செய்தது போலிருக்கும்.

அடுத்தது ஜுமுஆ. இவன் அவ்வூரில் முகீம். நிலைக்குடியாக இல்லாவிட்டாலும் அங்கே ஜுமுஆ நடந்தால் கலந்து கொள்வது கடமை. ஷாஃபிஈ மத்ஹபில் நாற்பது பேர் என்ற எண்ணிக்கையில் மட்டும் இவன் சேரமாட்டான். சியோலில் ஜுமுஆ நடக்கிறது. 1950களில் கொரியப் போருக்கு வந்த துருக்கிப் படையின் இமாம்கள் மூலம் கொரியர் சிலர் இஸ்லாத்தைத் தழுவினர். பின்னர் கொரிய அரசு நிலம் கொடுக்க, சவூதி முதலிய நாடுகள் பொருள் கொடுக்க, 1976இல் இதேவோன் பகுதியில் மேட்டின் மேல் மத்தியப் பள்ளிவாசல் எழுந்தது. பூசான் நகரப் பள்ளிவாசல் 1980இல் வந்தது. இதேவோன் மேட்டின் கீழே மதுக்கூடங்கள், மேலே ஹலால் கடைகள், உச்சியில் மினாரா. அந்த ஏற்றத்தில் பார்வையைத் தாழ்த்தி நடப்பதே ஒரு பயிற்சி.

வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு இருப்பதாகப் பிள்ளை எழுதியிருந்தான். பருவத் தொடக்கத்தில் எந்தப் பாடத்தை எந்நேரத்தில் எடுப்பது என்று மாணவனே பதிவு செய்யும் முறை அங்கே உண்டல்லவா? அந்தப் பதிவு நாளிலேயே வெள்ளி மதியத்தைக் காலியாக வைத்துக் கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பதிலாக இரவில் இருப்பேன் என்று பேராசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உணவைப் பார்ப்போம். அந்நாட்டில் மதம் எதையும் சாராதவர்களே ஏறக்குறைய பாதி. ஆகையால் கடையில் கிடைக்கும் கோழியும் மாடும் ஹலால் என்று கொள்ள வழியில்லை. ஹலால் கடையில் வாங்கியதைத் தவிர இறைச்சி வேண்டாம். ஆனால் கடல் திறந்திருக்கிறது. மீன் எங்கும் கிடைக்கும். கணவாய், சிப்பி போன்றவற்றைக் கொரியர் விரும்பி உண்பர். ஷாஃபிஈகளுக்கு அவை ஆகும். ஹனஃபீகள் மீனோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ சேர்ப்பார்கள். பிபிம்பாப் என்ற காய்கறிச் சோற்றில் இறைச்சி கலந்திருக்கும். 'கோகி பே ஜுசேயோ' என்றால் இறைச்சியை நீக்கித் தாருங்கள் என்று பொருள். பிள்ளை முதலில் கற்ற கொரிய வாக்கியம் இதுதானாம். உடன் வரும் சூப்பு எதில் கொதித்தது என்றும் கேட்க வேண்டும். கிம்பாப் உருட்டலில் பன்றி ஹேம் வைப்பது வழக்கம்.

பொட்டலங்களில் ஒரு வசதி உண்டு. ஒவ்வாமைக்காகச் சில பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்ற சட்டப் பட்டியலில் பன்றி, மாடு, கோழி மூன்றும் அடங்கும். ட்வேஜிகோகி என்றால் பன்றி, சோகோகி மாடு, தக்கோகி கோழி. இம்மூன்று சொற்களைக் கொரிய எழுத்தில் அடையாளம் கண்டால் ராம்யொன் பொட்டலங்களில் பெரும் பகுதியை அங்கேயே ஒதுக்கிவிடலாம். மதுச்சாறு போன்றவை இப்பட்டியலில் வாராவாகையால் முழுப் பட்டியலையும் படிப்பதை விட்டுவிடக் கூடாது. கொரிய முஸ்லிம் கூட்டமைப்பின் ஹலால் முத்திரை இருந்தால் மனம் நிம்மதி.

விடுதிச் சமையலறையின் பொதுச் சட்டியில் பன்றி வதக்குகிறார்களாம். நமது மத்ஹபில் அது கடும் நஜீஸ். ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். ஆதாரத்தின் அடிப்படையில் ஒருமுறை கழுவினால் போதும் என்ற கருத்தை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வலுவாகக் கண்டிருப்பினும் மத்ஹபின் தீர்ப்பு ஏழுதான். விடுதியில் மண்ணுக்கு எங்கே போவது? ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு கத்தி தனியாக வாங்கி அறையில் வைத்துக் கொள்ளச் சொன்னோம். தகராறு தீர்ந்தது.

இப்போது அவன் அழுது எழுதிய இடத்துக்கு வருகிறோம். ஆய்வுக்கூடத்தார் எல்லோரும் மாலையில் கூடிச் சாப்பிடுவதை ஹ்வேஷிக் என்கிறார்கள். பன்றி வாட்டுவார்கள், சோஜு என்ற மது ஓடும். வயதிலும் வகுப்பிலும் மூத்தவன் சொன்பே, இளையவன் ஹூபே. இளையவன் இரண்டு கைகளாலும் பாட்டிலைப் பிடித்து மூத்தவருக்கு ஊற்றுவது மரியாதை. பிள்ளை குடிக்கவில்லை. வயிற்றுவலி, மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லித் தப்பினான். ஆனால் பேராசிரியரின் கிண்ணத்தில் தன் கையால் ஊற்றினான். உதவித்தொகை அவர் கையெழுத்தில் இருக்கிறது என்ற பயம்.

மது விஷயத்தில் சபிக்கப்பட்டோரில் ஊற்றிக் கொடுப்பவனும் அடங்குவான் என்பதும், மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வது தடுக்கப்பட்டது என்பதும் ஹதீஸ்களில் வந்திருப்பது நாமறிந்ததே. ஆகவே தவ்பா செய்ய வேண்டும். மீண்டும் செய்யக் கூடாது. பொய்க் காரணமும் கூடாது. அது மார்க்கத்தில் மட்டுமன்று, நடைமுறையிலும் தோல்வி. வயிற்றுவலிக்காரனை அடுத்த வாரம் வலி தீர்ந்ததா என்று கேட்பார்கள். என் மார்க்கத்தில் குடிப்பதும் ஊற்றுவதும் இல்லை என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னவனை யாரும் இரண்டாம் முறை வற்புறுத்துவது அரிது. நாம் எழுதியது இதுதான்: பேராசிரியரைப் பகலில், தனியாக, அவர் அறையில் சந்தி. மரியாதையாகச் சொல். இரவு விருந்துக்குப் பதில் மதிய உணவுக்கு எல்லோரையும் உன் செலவில் மீன் சாப்பிட அழை. அவர் உதவித்தொகையை நிறுத்தினால் அப்போது திரும்பி வருவது பற்றிப் பேசலாம். நிறுத்துவார் என்று நாமாகக் கற்பனை செய்து ஹராமில் இறங்குவது சரியன்று.

தலை குனிந்து வணங்குவது பற்றியும் கேட்டிருந்தான். தெருவில் தலையைச் சற்று அசைத்து வாழ்த்துவதில் குற்றமில்லை. ருகூஉ அளவுக்கு முதுகை வளைக்கக் கூடாது. புத்தாண்டில் மூத்தோர் முன் தரையில் நெற்றி தாழ்த்தும் வழக்கம் நமக்கு அறவே ஆகாது. பொதுக் குளியல் கூடங்களுக்கு நண்பர்கள் அழைத்தால் போக வேண்டாம். ஆண்கள் பகுதி தனி என்றாலும் அங்கே ஆடையின்றிக் குளிக்கிறார்கள். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டதை ஆண் ஆணுக்கும் மறைக்க வேண்டும்.

உலாப் போவதைத் தடுக்கவில்லை. ஏப்ரலில் செர்ரி மரங்கள் பூக்கும்போது ஹான் ஆற்றங்கரையில் நடக்கட்டும். கியோங்போக் அரண்மனை பார்க்கட்டும். நாமி தீவில் முஸ்லிம்களுக்கென்று தொழுமிடமே வைத்திருக்கிறார்கள். விடுமுறையில் பூசானுக்கு ரயிலேறினால், அன்று அவன் மெய்யாகவே முஸாபிர். சியோலின் எல்லை தாண்டிய பின், திரும்பி வரும் வரை, அங்கே நான்கு நாள் தங்கும் நிய்யத் இல்லையேல் கஸ்ரும் ஜம்உவும் தாராளமாகச் செய்யலாம். ஹனஃபீகளுக்குக் கஸ்ர் மட்டும்.

பெரியவருக்கு இன்னொரு பயம். தேகு நகரத்தில் நடந்ததை அவர் கேள்விப்பட்டிருந்தார். அங்குள்ள கியோங்புக் தேசியப் பல்கலைக்கழகத்தின் அருகே முஸ்லிம் மாணவர்கள் 2020இல் அனுமதி பெற்றுப் பள்ளிவாசல் கட்டத் தொடங்கினர். 2021இல் அண்டை வீட்டார் எதிர்ப்பால் வேலை நின்றது. 2022 செப்டம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பின்னும் கட்டுமிடத்தில் பன்றித் தலைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். டிசம்பரில் அங்கேயே பன்றி வாட்டி விருந்தும் நடத்தினார்கள். உண்மைதான், மறைக்கவில்லை. அந்த மாணவர்கள் பதிலுக்குக் கை ஓங்கவில்லை, நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்காகக் குரல் கொடுத்த கொரியர்களும் இருந்தார்கள். தம் மகனுடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கொரிய மாணவன், இவன் தொழும் நேரத்தில் கதவருகே நின்று மற்றவர்கள் குறுக்கே போகாமல் பார்த்துக் கொள்கிறான் என்பதைப் பெரியவர் கடிதத்தில் கவனிக்கவே இல்லை. அந்த வரியைக் காட்டினோம்.

"அப்ப இருக்கச் சொல்லவா, ஹஜ்ரத்?" என்றார்.

"இருக்கட்டும். அறுநூற்று முப்பது தொழுகையை இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள்" என்றோம்.

தோலுறை நம் ஊரில் கிடைக்குமா என்று கேட்டார். வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலை செய்பவர்களிடம் சொன்னால் தைத்துக் கொடுப்பார்கள் என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தோம். பிள்ளையின் கால் அளவு அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்வதாக எழுந்து போனார்.