அட்டைப் பள்ளிக்கு அளவான கதவு

ஆறாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போது, பள்ளிக் கட்டடத்தை 1:50 அளவில் அட்டையில் செய்யச் சொல்லலாம். சுவர்களை மாணவர்கள் அளந்து வெட்டிவிடுவார்கள்; கதவு, சன்னல், பெயர்ப்பலகை என்று வரும்போதுதான் கண்ணளவில் ஒட்டத் தொடங்குவார்கள். பாடம் இருப்பதே அங்கேதான். 210 செ.மீ. உயரக் கதவு மாதிரியில் 4.2 செ.மீ.; 10 செ.மீ. அகல நிலை வெறும் 2 மி.மீ. சன்னல் கம்பி 12 மி.மீ. தடிமன் என்றால், மாதிரியில் கால் மில்லிமீட்டர்கூட வராது. ஈர்க்குச்சி ஒட்டினால் வகுப்பறை சிறைச்சாலை ஆகிவிடும். தையல் நூல்தான் பொருந்தும். பெயர்ப்பலகையில் பெரும்பாலும் 1 செ.மீ. எழுத்தாக எழுதுவார்கள். அழிக்கச் சொல்ல வேண்டாம். "இந்த எழுத்து நிஜத்தில் எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேளுங்கள். 50 செ.மீ. என்று கணக்கு வந்ததும், அவர்களே வாசலுக்குப் போய்ப் பலகையை அண்ணாந்து பார்ப்பார்கள். 15 செ.மீ. எழுத்துக்கு 3 மி.மீ. போதும், பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ள வேண்டும்.