ஐப்பசிச் சாலைக்கு ஏற்ற டயர்

ஐ20 என் லைன், விர்ட்டஸ் ஜிடி, பழைய போலோ ஜிடி போன்ற துடிப்பான கார்களை வைத்திருப்பவர்களுக்கு, முதல் செட் டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வந்ததும் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: வண்டியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் டயர் எது? ஒரத்தநாட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஓடும் காருக்கு அந்தக் கேள்வியை முதலில் வைப்பது தவறு என்பது என் துணிபு. இங்கே டயருக்கு முதல் அளவுகோல், ஈரத் தரையில் அது எப்படிப் பிடிக்கிறது என்பது. இரண்டாவது, அதன் பக்கச்சுவர் எவ்வளவு உயரம், எவ்வளவு உறுதி என்பது. காய்ந்த ரோட்டில் வளைவெடுக்கும் திறமை, வேகத்தைக் குறிக்கும் எழுத்து, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கும் என்ற கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். வேகமான கார் வைத்திருப்பவருக்குத்தான் இந்த வரிசை இன்னும் அவசியம். சீக்கிரம் வேகம் எடுக்கும் வண்டியைச் சீக்கிரம் நிறுத்தவும் முடிய வேண்டும்.

வெளிநாட்டுச் சோதனைகளைப் படித்துவிட்டு டயர் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் கோடைக்கு ஒரு செட், குளிர்காலத்துக்கு ஒரு செட் என்று வைத்திருப்பார்கள். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப் பிடி குறைந்துவிடும் என்பதுதான் காரணம். மார்கழி விடியற்காலையில்கூடத் தஞ்சை மாவட்டம் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆகவே அவர்களுடைய கோடை டயர் நமக்கு ஆண்டு முழுவதுக்குமான டயர். அதை நம் பருவம் இரண்டு பக்கமும் சோதிக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் தார் 60 டிகிரி வரை கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொட்டிவிட்டுப் போகும். வெயிலைத் தாங்குவதில், காற்று அளவு சரியாக இருக்கும்வரை, பெயர்பெற்ற நிறுவனங்களின் டயர்களுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு தெரிவதில்லை. மழையில்தான் அவற்றின் வித்தியாசம் வெளிப்படுகிறது.

நம் சாலையின் ஈரம் வெறும் மழைத்தண்ணீர் மட்டும் அல்ல. நடவுக் காலத்தில் வயலிலிருந்து ஏறிவரும் டிராக்டர்களும், அறுப்புக் காலத்தில் அறுவடை இயந்திரங்களும் சேற்றை அப்படியே தார் ரோட்டில் இழுத்துவிட்டுப் போகின்றன. டெல்டாவின் களிமண் காய்ந்து கிடக்கும்போது தூசு. ஒரு தூறல் போட்டால் அதுவே வழுக்கும் பூச்சு. குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வருகிறது, அதாவது மழை தொடங்கும் அதே நேரத்தில். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு என்பதால், களம் கிடைக்காத விவசாயி நெல்லைச் சாலையோரத்தில் கொட்டிக் காயவைக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது; நனைந்த நெல்லோடு அவர் வேறு எங்கே போவார்? ஆனால் அந்த நெல்மணிகள் சக்கரத்தின் அடியில் கோலிக்குண்டுகள் போல உருளும். அறுப்பு முடிந்த பிறகு வைக்கோல். வளைவில் ஒரு பக்கச் சக்கரம் ஈர வைக்கோலிலும் மறுபக்கச் சக்கரம் தாரிலும் இருக்கும்போது பிரேக் போட்டால் எந்த டயரும் தடுமாறும். அப்போது கையில் கொஞ்சமாவது மிச்சப் பிடி இருக்க வேண்டும், அதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அந்த மிச்சப் பிடியின் மதிப்பைக் கணக்குப் போட்டே காட்டலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கார்கள் ஈரச் சாலையில் வருகின்றன. ஒன்றின் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.7 என்றும், தேய்ந்த அல்லது தரம் குறைந்த டயர் போட்ட மற்றொன்றுக்கு 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த இடத்திலிருந்து முதல் கார் 36 மீட்டரில் நிற்கும். இரண்டாவதற்கு 50 மீட்டர் வேண்டும். 14 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் கார் நின்றுவிட்ட புள்ளியை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 43 கிலோமீட்டர் இருக்கும். சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையோ, குறுக்கே வரும் மாடோ அந்தப் புள்ளியில் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஏபிஎஸ் இருக்கிறதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து, ஸ்டியரிங் நம் கையில் இருக்க ஏபிஎஸ் உதவுகிறது. இருக்கிற பிடியை அது முழுமையாகப் பயன்படுத்தும். இல்லாத பிடியை உண்டாக்காது. வண்டியில் எத்தனை மின்னணுப் பாதுகாப்பு இருந்தாலும் எல்லாம் கடைசியில் உள்ளங்கை அகலமுள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளின் வழியாகத்தான் தரையைத் தொடுகின்றன.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற உயர்திறன் ஸ்போர்ட் டயர்கள் ஈரத்திலும் அருமையாகப் பிடிக்கின்றனவே, ஈரப்பிடிதான் முக்கியம் என்றால் அவற்றையே போட்டுவிடலாமே என்பது அது. நியாயமான கேள்வி. புதிதாக இருக்கும்போது அவை ஈரத்தில் சிறந்தவைதான். ஆனால் அவற்றின் மென்மையான ரப்பர், நம் ஊரின் சொரசொரத் தாரிலும் வெயிலிலும் வேகமாகத் தேயும். தண்ணீரை வெளியேற்றுவது பட்டனுக்கு, அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகளுக்கு, இடையிலான பள்ளங்கள். அவை ஆழம் குறைந்த பிறகு எவ்வளவு உயர்ந்த ரப்பரும் தேங்கிய தண்ணீரின் மேல் மிதக்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் போதிய ஆழத்தோடு இருப்பதே நமக்கு வேண்டியது. அதோடு 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, வெளிநாட்டிலிருந்து வரும் ரகங்கள் கேட்ட அளவில் கேட்ட நேரத்தில் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆற்றங்கரை ரோட்டில் ஒரு டயர் கிழிந்தால் அதே ரகத்தில் ஜோடி தேடி வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்குப் போகிறவருக்கு ஸ்போர்ட் டயர் சரியான தேர்வாக இருக்கலாம். தினமும் தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் போய்வரும் காருக்கு, ஈரப்பிடியில் நல்ல பெயர் எடுத்த டூரிங் ரக டயரே பொருத்தம். 1990களில் மிச்செலின் முன்னெடுத்த சிலிக்கா கலவை இன்று எல்லா நிறுவனங்களிடமும் பரவிவிட்டதால், டூரிங் டயர் என்றால் மழையில் வழுக்கும் என்ற பழைய அபிப்பிராயத்துக்கு இப்போது இடமில்லை.

அடுத்து அளவு. அலாய் வீலைப் பெரிதாக்கி, டயரைத் தட்டையாக்கினால் வண்டி பார்க்க எடுப்பாக இருக்கும். வளைவிலும் ஸ்டியரிங் கூர்மையாகப் பேசும். அதை மறுக்கவில்லை. 195/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர் உயரம். அதற்குப் பதில் 205/45 ஆர்17 போட்டால் 92 மில்லிமீட்டர். மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறாததால் ஸ்பீடோமீட்டரில் பெரிய வித்தியாசம் வராது, ஆகவே பாதகம் எதுவும் இல்லை என்று தோன்றும். காணாமல்போன அந்த 15 மில்லிமீட்டர்தான் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொண்டு ரிம்மைக் காப்பாற்றிய மெத்தை. நம் கிளைச் சாலைகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். வாய்க்கால் கரையை ஒட்டிய ஒற்றை வழித் தார், எதிரே கரும்பு லோடோ வைக்கோல் லோடோ வந்தால் இடப்பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். மழையில் அந்த மண் கரைந்து, தார் விளிம்பு கத்திபோல் நிற்கும். திரும்ப ஏறும்போது அந்த விளிம்பு உரசுவது பக்கச்சுவரைத்தான். பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கச்சுவர் கிழிந்தாலோ புடைத்தாலோ டயரைத் தூக்கிப்போடுவதைத் தவிர வழியில்லை. அகலம் கூடினால் தேங்கிய தண்ணீரில் மிதக்கும் போக்கும் கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், கம்பெனி போட்டுக்கொடுத்த அளவை மாற்றாமல் இருப்பதே அறிவு. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் அந்த அளவு இருக்கிறது. சுமை எண்ணும் அதற்குக் குறையக் கூடாது: 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. வேக எழுத்தில் எச் என்பது மணிக்கு 210, வி என்பது 240 கிலோமீட்டர். அந்த வேகத்தில் இங்கே யாரும் போகப்போவதில்லை என்றாலும், வேக எழுத்து டயரின் வெப்பம் தாங்கும் திறனையும் காட்டுவதால் நிறுவனம் சொன்னதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

செலவைப் பற்றிய மறுப்பையும் தட்டிக்கழிக்கக் கூடாது. கடினமான ரப்பர் 70,000 கிலோமீட்டர் உழைக்கும், ஈரப்பிடி நல்ல டயர் 45,000தான் என்றால், குடும்பச் செலவைப் பார்ப்பவர் முதலாவதைத்தான் எடுப்பார். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 45,000 என்பது நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. 70,000 என்பது ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அத்தனை காலம் டெல்டா வெயிலில் நின்ற ரப்பர், பட்டன் மிச்சமிருந்தாலும் இறுகிப்போய், பக்கங்களில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். தாளில் தெரியும் லாபத்தில் ஒரு பகுதி, பிடி போன டயரை இழுத்துக்கொண்டு ஓட்டும் கடைசி இரண்டு மழைக்காலங்கள்தான். சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும்; டயரின் பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகள் அந்த அளவில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. அது தண்டனைக்கான எல்லை, பாதுகாப்புக்கான எல்லை அல்ல. புரட்டாசியில் பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் தையை எதிர்பார்க்காமல் அப்போதே மாற்றிவிடுவதுதான் என் பரிந்துரை.

ஈரப்பிடியை வாங்குபவர் எப்படிக் கண்டறிவது என்பதுதான் உண்மையான சிக்கல். 2022இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, டயர்களின் ஈரப்பிடி, உருளும் தடை, ஓசை மூன்றுக்கும் வரையறை விதித்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது தேர்ச்சி மதிப்பெண் மாதிரி. தேறியவர்களில் யார் முதல், யார் கடைசி என்று சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதலே ஈரப்பிடியை எழுத்து வரிசையில் டயரிலேயே ஒட்டச் சொல்கிறது. அதே பெயரும் அதே அளவும் உள்ள டயருக்கு அங்கே என்ன எழுத்து என்று பார்ப்பது ஓரளவு உதவும். இந்தியத் தயாரிப்பின் கலவை வேறாக இருக்கக்கூடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கடையில் பார்க்கும்போது சுற்றிலும் ஓடும் அகலமான நேர்ப்பள்ளங்கள் மூன்றோ நான்கோ இருக்கின்றனவா, ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் குறுக்குப் பள்ளங்கள் திறந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். உழைக்கும் தூரத்தை மட்டுமே பெருமையாகச் சொல்லும் ரகத்தை ஒதுக்கிவையுங்கள்.

எந்த டயர் வாங்கினாலும் காற்று குறைந்தால் அத்தனையும் வீண். 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர் வால்டர் ஹார்ன், ஓடுபாதையில் தேங்கிய நீரில் விமான டயர்கள் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதைக் காற்றழுத்தத்தோடு இணைத்து ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி, பள்ளங்களால் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் நிற்கும்போது, 33 பிஎஸ்ஐ உள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 96 கிலோமீட்டரில் மிதக்கும்; 25 பிஎஸ்ஐ என்றால் 83 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். கார் டயருக்கு இது துல்லியமாகப் பொருந்தாது. அகலமும் பட்டன் அமைப்பும் கணக்கை மாற்றும். ஆனாலும் திருச்சி நான்குவழிச் சாலையில் மழையில் போகிறவருக்கு அது காட்டும் திசை போதும். மெத்தென்று போகட்டும் என்று காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கத்தை மழைக்காலத்திலாவது விட்டுவிட வேண்டும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பு, மாதம் இருமுறை பார்ப்பது நல்லது.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் விற்காத 16 இஞ்ச் அளவுகள் கடை அடுக்கில் நெடுநாள் தங்கிவிடுவதுண்டு. ஓராண்டுக்கு மேற்பட்டதைக் கொடுத்தால் புதிய சரக்கு வரவழைத்துத் தரச் சொல்லலாம். பெரம்பலூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று டயர்த் தொழிற்சாலைகள் நம் மாநிலத்திலேயே இருக்கையில் அது பெரிய கோரிக்கை அல்ல. நான்கையும் ஒருசேர மாற்றப் பணம் இல்லாமல் இரண்டு மட்டும் வாங்கினால், முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று புதியவற்றை முன்னால் போடச் சொல்லாதீர்கள். புதியவை பின்னால் போகட்டும். முன்பக்கம் வழுக்கினால் ஓட்டுநருக்கு ஸ்டியரிங்கிலேயே தெரியும், ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் மீளும். ஈர வளைவில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், திருத்த நேரம் இருக்காது. பொருத்தியதும் அலைன்மென்டும் பேலன்சிங்கும் செய்து, முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து வந்த பளபளப்பு தேய்ந்த பிறகுதான் புது ரப்பர் தன் முழுப் பிடியைக் காட்டும்.