விண்ணிலும் மண்ணிலும் தேடுவோர்

காணாமற்போன விமானமொன்றைத் தேடுவது எவ்வாறு என்று நீங்கள் சிந்தித்ததுண்டா? அமெரிக்காவில் 1941இல் தொடங்கப்பட்ட 'சிவில் எயார் பற்றோல்' தொண்டர்கள் இப்பணியில் தேர்ந்தவர்கள். நிலப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, சிறு விமானங்களில் தாழ்வாக, மெதுவாக, வரிவரியாகப் பறப்பர். விமானி விமானத்தைச் செலுத்துவதிலேயே கண்ணாயிருக்க, உடன் செல்வோர் நிலத்தை நோக்குவர். முறிந்த மரம், கருகிய புல், மின்னும் உலோகம் யாவும் அடையாளங்களே. தரைக்குழுவினர் விழுந்த விமானத்தின் அபாயக் கருவி எழுப்பும் வானொலிச் சமிக்ஞையைப் பின்பற்றி நடப்பர்.

பலூனில் தனியே உலகைச் சுற்றிய ஸ்டீவ் பொசெற், 2007 செப்டெம்பரில் நெவாடாவிலிருந்து விமானத்திற் புறப்பட்டுக் காணாமற்போனார். ஏறக்குறைய ஒரு மாதம் தேடியும் பயனில்லை. மறு ஆண்டு, கலிபோர்னிய மலையில் நடந்து சென்ற ஒருவர் அவருடைய அடையாள அட்டைகளைக் கண்டெடுத்தார். அதன் பின்னரே சிதைந்த விமானம் அகப்பட்டது. காத்திருந்த குடும்பத்துக்கும் உண்மை தெரிந்தது.

விண்ணிலிருந்து பார்த்தோருக்குத் தப்பியது, மண்ணில் நடந்தவரின் காலடியிற் கிடந்தது. தேடும் பணிக்கு இரு சாராரும் வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.