பேரன்களோடு வெளியே கிளம்பும் நாளில்

செப்டம்பர் வந்தால் பள்ளி விடுமுறை, லாந்தர் விழா, அதைத் தொடர்ந்து சிறுவர் தினம். வீட்டில் இரண்டு பேரன்கள் இருந்தால் தாத்தா பாட்டிக்கு உட்கார நேரமிருக்காது. பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, தம் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவோரும் உண்டு.

நீங்கள் இன்சுலின் போடுபவராகவோ கிளிப்பிசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவராகவோ இருந்தால், அதில்தான் ஆபத்து. மருந்து வேலை செய்யும். வயிற்றில் உணவு இருக்காது. நடையோ வழக்கத்தைவிட அதிகம். ரத்தச் சர்க்கரை 4.0 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். வெயில்தான் காரணம் என்று எண்ணித் தொடர்ந்து நடக்காதீர்கள்.

உடனே உட்காருங்கள். 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கையில் மூன்கேக் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். இன்னும் 4.0க்குக் கீழே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். சரியானதும் ரொட்டியோ சோறோ சாப்பிடுங்கள். அதன் பிறகே பிள்ளைகளோடு சாலையைக் கடக்கலாம்.

புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள், மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பெரிய பேரனிடம் இதைச் சொல்லி வையுங்கள்: “எழுப்பியும் பாட்டி எழுந்திருக்காவிட்டால், வாயில் எதையும் ஊற்றாதே. 995ஐ அழை.” ஏழு வயதுப் பையனுக்கு இது புரியும். சின்னவனுக்கு, சர்க்கரைப் பொட்டலம் பையில் எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும்.