அச்ச விதியும் ஆடுவோர் உரிமையும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. வாளேந்திய வீரரும் எதிர்பாராத தொன்றைக் காணுங்கால் நிலைகலங்குதல் இயற்கையே. கற்பனை வீரரைக் கொண்டு ஆடும் ஆட்டங்களிலும் இவ்வியற்கைக்கு இடமுண்டோ, உண்டெனின் அதனை எவ்வாறு விதியாக்குவது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாம் குறிப்பது மேசையைச் சுற்றியமர்ந்து ஆடும் பாத்திர விளையாட்டுக்களை. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை மேற்கொண்டு, அப்பாத்திரம் செய்வதைத் தம் வாயாற் கூறுவர். நடத்துநர் ஒருவர் உலகத்தையும் பகைவரையும் விவரிப்பார். முடிவு ஐயமாகுமிடத்துப் பகடை உருளும். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிற் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இயற்றி வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவற்றிற்கெல்லாம் முன்னோடி. அச்சிட்ட விதிகளோடு, ஒவ்வொரு குழுவினரும் தம் மேசைக்கெனத் தாமே சில விதிகளை வகுத்துக்கொள்ளுதலும் உண்டு. அவற்றை வீட்டு விதிகள் என்பர்.

அச்சத்தைப்பற்றி அச்சிட்ட நூல்கள் ஒருமுகமாகப் பேசுவதில்லை. 1981-இல் டாம் மோல்ட்வே திருத்தியமைத்த அவ்வாட்டத்தின் தொடக்கநூல், பகைவர்க்கும் கூலியாட்களுக்கும் 2 முதல் 12 வரை ஓர் உறுதியெண் தந்தது. இரு பகடைகளின் கூட்டுத்தொகை அவ்வெண்ணைக் கடந்தால் அவர்கள் பின்வாங்குவர். ஆயின் ஆடுவோரின் பாத்திரங்களை இவ்விதி தீண்டவில்லை. அஞ்சுவதும் அஞ்சாமையும் ஆடுவோர் விருப்பமே. அதே 1981-இல் வெளிவந்த 'கால் ஆப் கதுல்ஹு' என்னும் ஆட்டமோ பாத்திரத்தின் மனநிலையையே புள்ளிகளால் அளந்தது. ஒரே அதிர்ச்சியில் 5 புள்ளியோ மேலோ இழந்தவர்க்குத் தற்காலிகச் சித்தக்கலக்கம் நேரலாம். 2014-ஆம் ஆண்டின் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பு நடுவழி சென்றது: அஞ்சியவன் அச்சந் தரும் பொருளை நோக்கித் தானாக நெருங்கலாகாது, அது கண்ணுக்குத் தெரியுமளவும் அவன் தாக்குதலும் முயற்சியும் தளரும், பிற செயல்களைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவனிடமே நிற்கும்.

இங்கே வினா ஒன்று எழுகின்றது. ஆட்டத்தில் ஆடுவோர்க்கு உள்ள உடைமை யாது? தம் பாத்திரம் என் செய்யும் என்று கூறும் உரிமை ஒன்றே. 'நீ ஓடுகின்றாய்' என நடத்துநர் கூறிவிடின், அவ்வுரிமை பறிபோய், ஆடுவோர் வெறும் பார்வையாளர் ஆவர். அச்சமே வேண்டாமென்று ஒதுக்கினாலோ வீரத்திற்குப் பொருளில்லை. அஞ்சுதற்கு இடமில்லாதான் துணிந்தான் என்று எவர் புகழ்வர்? ஆதலால் நல்ல விதி தெரிவுகளைக் குறுக்கலாம், தெரிவையே அழித்தலாகாது. இக்கருத்தைத் தழுவி, பின்வரும் விதியை நாம் வகுத்துக் காட்டுவோம்.

முதலாவது, காலம். தோழன் ஒருவன் வீழும்போதும், இயற்கைக்கு மாறான பகையை முதன்முறை காணும்போதும், இருளில் விளக்கு அவியும்போதும் மட்டுமே சோதனை வேண்டும். அடிக்கடி உருட்டும் பகடை அச்சத்தை விளைக்காது, சலிப்பையே விளைக்கும்.

இரண்டாவது, அளவு. புதியவனுக்கு உறுதியெண் 7. சில போர் கண்டவனுக்கு 8. பழகிய வீரனுக்கு 9. இரு பகடைகளின் தொகை அதனைக் கடந்தால் கிலி பற்றும். இரு பகடைகள் விழும் வகை 36; அவற்றுள் புதியவன் தவறுவது 15, அடுத்தவன் 10, பழகியவன் 6.

மூன்றாவது, விளைவு. கிலி பற்றியவன் பின்வாங்குதல், நின்றவிடத்தே நின்று தன்னைக் காத்தல், கையிலுள்ளதைப் போட்டுவிட்டு அருகிலுள்ள தோழனைப் பற்றுதல் என்னும் மூன்றனுள் ஒன்றைத் தானே தெரிந்துகொள்வான்.

நான்காவது, மீட்சி. தன் முறை வருந்தோறும் அவன் மீண்டும் உருட்டுவான். தோழன் ஒருவன் தன் முறையைச் செலவிட்டு அவனுக்குத் தேறுதல் கூறின், அவ்வுருட்டலுக்கு உறுதியெண்ணோடு 2 கூடும்.

ஓர் உதாரணங் கொள்வோம். சுரங்கமொன்றிற் பந்தம் அவிகின்றது. புதிய வில்லாளி 9 உருட்டிக் கிலி கொண்டு, சுவரோடு ஒன்றி நிற்பதெனத் தெரிந்துகொள்கின்றாள். அவளுடைய முதிய தோழர் பகைவனை வெட்டும் வாய்ப்பை விட்டு, அவள் பெயரைச் சொல்லி அழைக்கின்றார். அவள் எண் 7-லிருந்து 9 ஆகின்றது; தவறும் வகை 15-லிருந்து 6 ஆகக் குறைகின்றது. அச்சம் ஒருவரைத் தனியே பற்றுகின்றது. துணிவோ பெரும்பாலும் பிறரிடமிருந்து வருகின்றது. ஒரு வெட்டை இழந்து ஒரு தோழியை மீட்கலாமா என்ற வினாவை இவ்விதி மேசையின்மேல் வைக்கின்றது.

இறுதியாக எச்சரிக்கை ஒன்று. மேசையைச் சுற்றி யிருப்போருள் மெய்யான கிலியால் வருந்தியவர் இருத்தல் கூடும். அவர் அதனைச் சொல்லாமலும் இருக்கலாம். ஆகையால் இவ்விதியைத் தொடங்குமுன் யாவரின் இசைவையும் பெறுதல் வேண்டும். எவரேனும் நிறுத்துக என்றால், காரணங் கேளாது நிறுத்துதல் வேண்டும். கிலி கொண்ட பாத்திரத்தைக் கோழையென்றோ பித்தனென்றோ எள்ளுதல் ஒருபோதும் ஆகாது. பகடை கூறுவது உடலின் நடுக்கத்தை மட்டுமே. ஒருவனது தகுதியை அன்று. கற்பனை அச்சத்தின் நடுவே தோழரைத் தேற்றப் பழகியோர், மெய்யான அச்சத்தின் நடுவிலும் அதனைச் செய்ய எளிதில் முன்வருவர் என்பது நம் துணிபு.